மேசியா என்னும் பட்டம்: இரு தமிழ் விவிலியங்களின் சொல்லாட்சி குறித்த ஒரு மதிப்பீடு

கிறித்தவ நம்பிக்கைக்கு அடித்தளமாக அமைவது ஒரு பெயர்ப்பயனிலைத் தொடர். 'இயேசுவே கிறிஸ்து' என்பது அத்தொடர். பவுலும் அப்பொல்லோவும் கொரிந்து முதலிய இடங்களில் யூதர்களிடம் வாதிட்டு நிறுவ முயன்றது இதனையே என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது (18:5, 28). வாதிட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே இத்தொடர் அன்று கேட்டோருக்குப் புதிய செய்தியொன்றைத் தந்தது என்பது புலனாகும். இன்றைய தமிழ்ப் படிப்பாளர் ஒருவர், அவர் கிறித்தவராயினும் அல்லராயினும், இத்தொடரில் செய்தி எதனையும் காண்பதில்லை. 'இயேசு கிறிஸ்து' என்பது அவருக்கு ஒரே ஆளின் முழுப்பெயர். பெயரின் முற்பாதியே அதன் பிற்பாதி என்று கூறும் தொடரில் வாதத்திற்கு இடம் ஏது?

இவ்விடர்ப்பாடு எவ்வாறு நேர்ந்தது, மொழிபெயர்ப்பாளர் இதனை எந்த அளவுக்குத் தவிர்த்திருக்க முடியும் என்பனவே இக்கட்டுரையின் பொருள். 1714இல் சீகன்பால்குவின் மொழிபெயர்ப்பு தரங்கம்பாடியில் அச்சேறத் தொடங்கியதிலிருந்து தமிழில் பல விவிலியங்கள் தோன்றியுள்ளன. அவற்றுள் இரண்டே இங்கு ஒப்பிடப்படுகின்றன. ஒன்று, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. சீர்திருத்தத் திருச்சபையினர் பெரும்பாலோர் இன்றும் வழிபாட்டில் படிப்பது இதுவே. மற்றொன்று, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம். முன்னது வடசொல் மிகுந்தது. பின்னது தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கத்தைப் பெற்றது. இவ்வேறுபாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நடையைப் பற்றியே பேசுகின்றனர். கருத்துகளின் கட்டமைப்பில் இரண்டும் எவ்வாறு வேறுபடுகின்றன என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

பெயரும் பட்டமும்

எபிரேய மொழியில் 'மாஷீஅஹ்' என்பது பூசுதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த செயப்பாட்டுப் பொருளுடைய பெயர். எண்ணெய் பூசப்பட்டவர் என்பது அதன் நேர்ப்பொருள். எபிரேய விவிலியத்தில் இச்சொல் 39 இடங்களில் வருகிறது. அங்கு இது பெரும்பாலும் ஆட்சியிலிருக்கும் அரசனையும், சில இடங்களில் குருவையும் குறிக்கிறது. சவுல் 'ஆண்டவரின் மாஷீஅஹ்'. அவனைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் தாவீது கைவைக்க மறுப்பது அப்பட்டத்தின் பொருட்டே. எசாயா 45:1இல் பாரசீக மன்னன் கோரேசுக்கே (சைரசு) இப்பெயர் வழங்கப்படுகிறது. வேற்றினத்தவன், யூதர்களின் கடவுளை அறியாதவன், எனினும் மாஷீஅஹ். ஆகவே இச்சொல் தொடக்கத்தில் இறைத்தன்மையையோ இறுதிக் காலத்தையோ சுட்டியதன்று. ஒருவர் ஒரு பணிக்கெனக் குறிக்கப்பட்டார் என்பதையே சுட்டியது. தாவீதின் அரசு வீழ்ந்த பின்னரே, வரவிருக்கும் ஓர் அரசரைப் பற்றிய எதிர்பார்ப்பு இச்சொல்லைச் சுற்றி வளர்ந்தது.

எபிரேய விவிலியத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூத அறிஞர்கள் 'மாஷீஅஹ்' என்பதைக் 'கிறிஸ்தோஸ்' என்று நேராகவே பெயர்த்தனர். 'கிரியோ' (பூசு) என்னும் வினையிலிருந்து வந்த சொல் அது. கருத்துக்குரியது யாதெனில், அவர்கள் ஒலிபெயர்க்கவில்லை என்பதே. புதிய ஏற்பாட்டில் 'கிறிஸ்தோஸ்' 500க்கும் மேற்பட்ட முறை வர, ஒலிபெயர்ப்பு வடிவமான 'மெசியாஸ்' இருமுறை மட்டுமே வருகிறது. இரண்டும் யோவான் நற்செய்தியில் உள்ளவை (1:41, 4:25). இரண்டு இடத்திலும் 'கிறிஸ்தோஸ்' என்னும் சொல் உடனிருந்து அதனை விளக்குகிறது. அயற்சொல் ஒன்றுக்குக் கிரேக்கப் படிப்பாளர் அறிந்த சொல்லால் பொருள் கூறும் உத்தி இது.

ஐக்கிய மொழிபெயர்ப்பில் யோவான் 1:41ஐப் பார்க்கலாம். 'மேசியா' என்பதற்குக் 'கிறிஸ்து' என்று பொருள் கூறப்படுகிறது. ஒரு கடன்சொல்லுக்கு மற்றொரு கடன்சொல் பொருளாகிறது. இரண்டும் தமிழருக்கு ஒளியற்ற சொற்களே. வடிவத்தில் இது மூலத்தோடு முற்றிலும் ஒத்திருக்கிறது. பயனில் மூலத்திற்கு நேர்மாறாக உள்ளது. சொல்லுக்குச் சொல் வைக்கும் முறையின் தோல்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வகுப்பறைக்குக் கிடைப்பது அரிது. திருவிவிலியம் இங்கு மெசியா என்றால் அருள்பொழிவு பெற்றவர் என்று பொருள் கூறுகிறது. விளக்கம் விளக்கமாகவே அமைந்துவிட்டது. இதில் ஐயத்திற்கு இடமின்றித் திருவிவிலியமே மேலானது.

ஆனால் குறை முழுவதையும் பவர் குழுவினர்மேல் சுமத்துவது முறையாகாது. 'கிறிஸ்தோஸ்' யூதரல்லாத கிரேக்கருக்கே பொருள் விளங்காத சொல்லாகத்தான் இருந்தது. தைலம், களிம்பு போன்று பூசப்படும் பொருளை நினைவூட்டும் சொல் ஒருவருக்குப் பட்டமாக இருக்க இயலும் என்று அவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். உரோமை வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் 'கிரெஸ்துஸ்' என்று எழுதுவது, நல்லவன், பயனுடையவன் என்னும் பொருள்தரும் வழக்கமான ஆட்பெயராகிய 'கிரேஸ்தோஸ்' என்பதோடு இச்சொல்லை மயங்கியதன் விளைவே என்று பலர் கருதுவர். பவுலின் திருமுகங்களிலேயே இச்சொல் பல இடங்களில் இயற்பெயரின் நிலையை அடைந்துவிட்டது. எனவே பட்டம் பெயராக மாறியது தமிழில் நிகழ்ந்த விபத்தன்று. மூலத்திலேயே தொடங்கிய மாற்றம். மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியது, எங்கு இச்சொல் இன்னும் பட்டம், எங்கு அது பெயர் என்று பிரித்தறிவதே.

திருவிவிலியம் இதைத்தான் செய்ய முயன்றுள்ளது. பட்டமாக வருமிடத்தில் 'மெசியா', பெயராக வருமிடத்தில் 'கிறிஸ்து' என்பது அதன் கொள்கை. பேதுருவின் அறிக்கையில் (மத்தேயு 16:16) கிரேக்கத்தில் 'கிறிஸ்தோஸ்' இருக்க, திருவிவிலியம் 'மெசியா' என்கிறது. இக்கொள்கை அறிவார்ந்தது. எனினும் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. ஒரே கிரேக்கச் சொல் தமிழில் இரண்டாகப் பிளவுபடுகிறது. பேதுரு அறிக்கையிட்ட மெசியாவும் பவுல் அறிவித்த கிறிஸ்துவும் ஒரே சொல் என்பதைத் தமிழ்ப் படிப்பாளர் அறிய வழியில்லை.

இப்பிளவின் விளைவு மிகக் கடுமையாக வெளிப்படும் இடம் 1 கொரிந்தியர் 1:23. சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைப் பற்றிய செய்தி யூதருக்குத் தடைக்கல் என்று பவுல் அங்கு கூறுகிறார். இரு மொழிபெயர்ப்புகளிலும் இங்குக் 'கிறிஸ்து' என்ற சொல்லே உள்ளது. பெயராகப் படித்தால், ஒரு மனிதர் சிலுவையில் அறையப்பட்டார் என்பது துயரமான செய்தி, தடைக்கல் அன்று. உரோமையர் பலரைச் சிலுவையில் அறைந்தனர். பட்டமாகப் படிக்கும்போதே முரண் புலப்படும். இறைவன் தம் அரசராகக் குறித்து எண்ணெய் வார்த்தவர் உரோமையரின் கொலைமரத்தில் தோற்று இறந்தார் என்பது யூதச் செவிக்குத் தன்முரண் தொடர். முடிசூடிய அடிமை என்பது போன்றது. கிறித்தவ நம்பிக்கை இத்தன்முரணை விலக்கவில்லை, அதனையே மையமாக்கியது. மெசியாவின் நோக்கம் உரோமையரை விரட்டுவதன்று, துன்புற்று இறந்து உயிர்த்தெழுவது என்று அது கூறிற்று. பவுலின் அந்த வரியில் பட்டம் மறைந்தால் இம்மையமே மறைகிறது. திருவிவிலியத்தின் கொள்கைப்படியே இங்கு 'மெசியா' என்றிருக்க வேண்டும். கிரேக்கத்தில் இங்குச் சுட்டு இடைச்சொல் இல்லாமையால் பெயரெனக் கொண்டனர் போலும். வடிவக் கூறு ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுப்பதன் ஆபத்து இது.

இலக்கணத்தில் ஐக்கிய மொழிபெயர்ப்பினர் காட்டிய நுட்பத்தையும் சொல்லியாக வேண்டும். திருத்தூதர் பணிகள் 18:28இல் கிரேக்கத் தொடரில் சுட்டு இடைச்சொல் 'கிறிஸ்தோஸ்' என்பதோடு வருவதால், நீங்கள் எதிர்பார்க்கும் அந்தக் கிறிஸ்து இயேசுவே என்பது கருத்து. சுட்டு இடைச்சொல் இல்லாத தமிழில் இதனை எவ்வாறு காட்டுவது? அவர்கள் இயேசு என்னும் பெயரோடு ஏகாரத்தைச் சேர்த்தனர். தொல்காப்பியம் ஏகாரத்திற்குக் கூறும் ஐந்து பொருள்களுள் ஒன்றான பிரிநிலை இங்குத் துல்லியமாகப் பொருந்துகிறது. பலருள் இவரைப் பிரித்து எடுத்துக் காட்டுகிறது அது. தொடரமைப்பில் வென்று, சொல்லில் தோற்றனர் எனலாம்.

பிற இந்திய மொழிகளில் இச்சொல் அடைந்த நிலையையும் இங்கு ஒப்புநோக்கலாம். மலையாளத்தில் சிரிய மொழி வழியாக வந்த 'மிசிஹா' தோமா கிறித்தவர் வழிபாட்டில் உயிரோடு உள்ளது. இந்தியிலும் உருதுவிலும் அரபு, பாரசீக வழிகளில் வந்த 'மசீஹ்', 'மசீஹா' ஆகிய இரண்டும் வழங்குகின்றன. முன்னது இயேசுவின் பெயரோடு ஒட்டியது; பின்னது ஏழைகளின் காவலர் என யாரையும் புகழப் பயன்படும் பொதுச்சொல்லாகிவிட்டது. தமிழில் 'மேசியா' இவ்வாறு பொதுவழக்கில் கலக்கவேயில்லை. சபையின் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

எண்ணெயும் அருளும்

ஒலிபெயர்க்காமல் மொழிபெயர்க்க வேண்டிய இடங்களில் ஐக்கிய மொழிபெயர்ப்பு கையாளும் சொல் 'அபிஷேகம்பண்ணு'. இது நல்ல தேர்வு. கிரேக்கத்தில் சமயச் சடங்காகப் பூசுவதற்குக் 'கிரியோ' என்றும், உடலுக்கோ நோய்க்கோ எண்ணெய் தேய்ப்பதற்கு 'அலைஃபோ' என்றும் இரு வினைகள் உள்ளன. அபிஷேகம்பண்ணுதல், எண்ணெய் பூசுதல் என்னும் இரண்டும் ஏறத்தாழ இவ்வேறுபாட்டையே காட்டுகின்றன. மேலும் 'பட்டாபிஷேகம்' என்னும் வழக்கினால் அபிஷேகம் என்றவுடன் அரசுரிமையும் நினைவுக்கு வருகிறது. தமிழ் மரபில் அரசனை அரசனாக்குவது முடியே, எண்ணெய் அன்று. அவ்விடைவெளியை நிரப்ப இதைவிடப் பொருத்தமான சொல் 19ஆம் நூற்றாண்டில் கிடைத்திராது.

கோயில் வழக்கு ஒன்று குறுக்கிடுகிறது என்பது உண்மை. கோயிலில் அபிஷேகம் இறையுருவுக்கு நிகழ்வது, நாள்தோறும் நிகழ்வது. எபிரேய வழக்கிலோ அது மனிதனுக்கு நிகழ்வது. அவனை ஒரு பணிக்குக் குறிப்பது. ஆனால் இன்று பெரிய இடர் கோயிலிலிருந்து வரவில்லை, சபைக்குள்ளிருந்தே வந்துள்ளது. பெந்தெகொஸ்தே சபையினரின் பேச்சில் 'அபிஷேகம்' என்பது தூய ஆவியைப் பெறும் அனுபவமாகச் சுருங்கிவிட்டது. அபிஷேகம் பெற்ற ஊழியர் என்று சுவரொட்டிகள் அறிவிக்கின்றன. அச்சொல் பலருக்கும் உரியதாகிவிட்டபின் ஒருவருக்கே உரிய பட்டத்தை அதனால் சுட்டுவது கடினம்.

ஐக்கிய மொழிபெயர்ப்பின் உண்மையான குறை, தன் நல்ல தேர்வைத் தொடர்ந்து கையாளாமையே. சங்கீதம் 2:2இல் ஆண்டவரால் அபிஷேகம் செய்யப்பட்டவரைப் பற்றிய அடி வருகிறது. அதே அடி திருத்தூதர் பணிகள் 4:26இல் மேற்கோளாக வரும்போது அவ்விடத்தில் 'கிறிஸ்து' என்னும் சொல் அமர்கிறது. அடுத்த வரியிலேயே இயேசுவைப் பற்றி மீண்டும் 'அபிஷேகம்பண்ணின' என்னும் வினை வருகிறது. கிரேக்கத்தில் 26ஆம் வரியின் பெயரும் 27ஆம் வரியின் வினையும் ஒரே அடிச்சொல்லினின்று பிறந்தவை. சங்கீதம் கூறும் அந்தக் கிறிஸ்து யாரெனில், நீர் 'கிரியோ' செய்த இயேசுவே என்று அவ்வேண்டுதல் வாதிடுகிறது. வேர்ச்சொல் ஒற்றுமையே அங்கு வாதம். தமிழில் சங்கீதத்திற்கும் மேற்கோளுக்கும், மேற்கோளுக்கும் விளக்கத்திற்கும் இடையே உள்ள இரு பாலங்களும் இடிந்துவிட்டன.

தானியேல் 9:25, 26ஆகிய இரு வரிகளில் மட்டும் ஐக்கிய மொழிபெயர்ப்பு பழைய ஏற்பாட்டில் 'மேசியா' என்று எழுதுகிறது. சவுலுக்கும் கோரேசுக்கும் அபிஷேகம். தானியேலுக்கு மட்டும் மேசியா. எபிரேயத்தில் சொல் ஒன்றே. அந்த இரு வரிகளும் இயேசுவையே முன்னறிவிக்கின்றன என்னும் கிறித்தவ விளக்கம் மொழிபெயர்ப்புக்குள்ளேயே புகுத்தப்பட்டுவிட்டது. இதன் மறுதலையும் வரலாற்றில் உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எபிரேய விவிலியத்தை மீண்டும் கிரேக்கத்தில் பெயர்த்த அக்கிலா, 'கிறிஸ்தோஸ்' என்னும் சொல்லைக் கிறித்தவர் தமதாக்கிக்கொண்டமையால் அதனைத் தவிர்த்து, 'அலைஃபோ' என்னும் வினையிலிருந்து வந்த 'ஏலெய்ம்மெனோஸ்' என்பதைக் கையாண்டார். நம்பிக்கைகளுக்கிடையேயான போராட்டம் ஒரு வினையடியைத் தேர்வதில் நிகழ்ந்திருக்கிறது.

திருவிவிலியத்தின் 'அருள்பொழிவு', 'திருப்பொழிவு' என்னும் ஆக்கங்கள் ஓசையில் இனியவை, வடசொல்லைத் தவிர்ப்பவை. ஆனால் இவற்றில் எண்ணெய் இல்லை. 'பொழிவு' என்பதில் நீர்மத்தின் சாயல் உண்டெனினும், பொழியப்பட்டது எண்ணெய் என்பதைக் கூட்டுச்சொல் கூறுவதில்லை. 'அருள்பொழிவு' என்பதில் சடங்கின் புறவடிவம் மறைந்து அதன் உட்பொருள் மட்டும் எஞ்சுகிறது. இது மொழிபெயர்ப்பன்று, உரை. ஆண்டவரின் ஆவி சவுலைவிட்டு நீங்கிவிட்டது என்று சாமுவேல் முதல் நூல் கூறுகிறது (16:14). அதன்பின்னும் தாவீதுக்குச் சவுல் மாஷீஅஹ்தான். அருள் போயிற்று, எண்ணெய் போகவில்லை. தாவீதின் தயக்கத்திற்குக் காரணமே இதுதான். சாமுவேல் நூலில் 'திருப்பொழிவு' என்றும், இரண்டாம் திருப்பாடலிலும் லூக்கா 4:18இலும் 'அருள்பொழிவு' என்றும் வைத்த குழுவினர் இச்சிக்கலை உணர்ந்தே செய்திருக்கலாம். அவ்வாறாயின் அது பாராட்டத்தக்க நுட்பம். ஆயினும் இரு சொல்லாட்சிகள் மீண்டும் ஒரு சொல்லைப் பிளக்கின்றன.

இறைவாக்கினர், குரு, அரசர் என்னும் மூவகைப் பணியும் மெசியாவிடம் ஒன்றுசேர்கின்றன என்பது கிறித்தவ இறையியலின் பழைய கோட்பாடு. இம்மூவரையும் இணைப்பது எண்ணெய். குருவாகிய ஆரோனுக்கும் அரசராகிய தாவீதுக்கும் எண்ணெய் வார்க்கப்பட்டது. எலிசாவை இறைவாக்கினராகத் திருநிலைப்படுத்த எலியாவுக்குக் கட்டளை வந்தது (1 அரசர் 19:16). எண்ணெய் மறைந்த மொழிபெயர்ப்பில் இம்மூன்றும் ஏன் ஒன்று சேர்கின்றன என்பதற்கு விடையில்லை. நற்செய்திகளில் இயேசுவின் தலையில் உண்மையாகவே எண்ணெய் ஊற்றியவர், மாற்கு, மத்தேயு கூற்றுப்படி, பெத்தானியாவில் பெயர் சொல்லப்படாத ஒரு பெண். அதுவும் அடக்கத்திற்கான முன்னேற்பாடு என்று இயேசுவால் விளக்கப்பட்டது. அங்குக் கிரேக்கம் 'கிரியோ' என்னும் வினையைத் தவிர்க்கிறது. தமிழரும் தவிர்த்துள்ளனர், சரியே.

பாடு, மீட்பு, இரட்சிப்பு

மெசியாவின் வாழ்வைக் கூறும் சொற்களுள் 'அவதாரம்' பற்றி ஏற்கெனவே நிறையப் பேசப்பட்டுள்ளது. சென்னையைச் சேர்ந்த வே. சக்கரை 1926இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே இயேசுவை அவதாரம் என்றார். ஒருமுறையே நிகழ்ந்தது என்னும் கிறித்தவக் கோட்பாட்டோடு அச்சொல் எவ்வளவு பொருந்தும் என்னும் வழக்கு இறையியலாருடையது. மொழிபெயர்ப்பாளருக்கு உரியது யோவான் 1:14. அங்குக் கிரேக்கத்தில் உள்ளது சதை. ஐக்கிய மொழிபெயர்ப்பு 'மாம்சம்' என்று சதையைக் காப்பாற்றியது. திருவிவிலியம் 'மனிதர்' என்று பொதுமைப்படுத்தியது. முன்னதன் கூச்சமின்மையே மூலத்திற்கு நெருக்கமானது.

மெசியா துன்புற வேண்டியிருந்தது என்னும் கருத்தை ஐக்கிய மொழிபெயர்ப்பு 'பாடுபடு' என்னும் வினையால் கூறுகிறது (லூக்கா 24:26). 'பாடு' என்பது 'படு' என்னும் பகுதியின் முதனிலை திரிந்த தொழிற்பெயர், படுவது பாடு. 19ஆம் நூற்றாண்டில் இது துன்புறுதலையே முதன்மையாகக் குறித்தது. இன்றோ பாடுபடுதல் என்பது கடுமையாக உழைத்தல். மக்களுக்காகப் பாடுபட்ட தலைவர் என்று மேடைகளில் கேட்கிறோம். எனவே புதிதாகப் படிப்பவருக்கு மெசியா உழைத்தார் என்னும் பொருளே முதலில் தோன்றும். 'திருப்பாடுகள்' என்னும் பெயர்ச்சொல் வழக்கில் மட்டும் பழைய பொருள் உறைந்து நிற்கிறது. திருவிவிலியம் இங்குத் 'துன்பங்கள்' என்று வைத்தது தேவையான திருத்தம். 'படு' என்னும் இதே வினை செயப்பாட்டு விகுதியாகவும் நிற்பதால், அறையப்பட்டவர், அடக்கப்பட்டவர், எழுப்பப்பட்டவர் என மெசியாவைப் பற்றிய கூற்றுகள் பெரும்பாலும் இவ்வினையிலேயே முடிகின்றன என்பது ஒரு சுவையான உடன்நிகழ்வு.

மெசியாவின் நோக்கத்தைக் குறிக்கும் சொற்களில்தான் இரு மொழிபெயர்ப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு முதன்மை பெறுகிறது. கிரேக்கத்தில் இரு சொற்குடும்பங்கள் உள்ளன. 'சோட்சோ' என்னும் வினையும் அதிலிருந்து வந்த 'சோத்தேர்', 'சோத்தேரியா' என்பனவும் ஒன்று. ஆபத்திலிருந்து காத்தல், நலமாக்குதல் என்பன அதன் பொருள். 'லுத்ரோன்', 'அப்பொலுத்ரோசிஸ்' என்பன மற்றொன்று. அடிமையையோ சிறைப்பட்டவரையோ விலை கொடுத்து விடுவித்தல் அதன் பொருள். ஐக்கிய மொழிபெயர்ப்பு முதலாவதற்கு இரட்சிப்பு, இரட்சகர் என்றும், இரண்டாவதற்கு மீட்பு, மீட்கும்பொருள் என்றும் வேறுபடுத்தியது. யோபு 19:25இல் வரும் எபிரேய 'கோஏல்' என்னும் உறவுமுறை மீட்பருக்கும் 'மீட்பர்' என்றே வைத்தது. இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒழுங்காகக் காக்கப்படுகிறது.

வடசொல்லை விலக்க விழைந்த திருவிவிலியம் இரட்சிப்பை நீக்கி, ஏற்கெனவே தமிழில் இருந்த மீட்பை அவ்விடத்திற்கும் நீட்டித்தது. விளைவு, 'சோத்தேர்' என்பவரும் மீட்பர். 'லுத்ரோன்' என்பதும் மீட்புக்கு ஈடு. காப்பவரும் விலைகொடுத்துக் கொள்பவரும் ஒன்றாகிவிட்டனர். மாற்கு 10:45இல் விலை என்னும் உருவகம் 'ஈடு' என்னும் சொல்லால் நன்றாகவே வந்துள்ளது. ஆனால் விலை பேசப்படாத பிற இடங்களிலும் மீட்பு என்னும் சொல் அடகுக்கடை நினைவை எழுப்பத்தான் செய்கிறது. 'மீட்பு' என்பதற்குத் தமிழில் இன்னொரு மரபும் உண்டு. கரந்தை சூடிப் பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்டு, அப்போரில் மாண்டவனுக்கு நடுகல் எடுத்தது அம்மரபு. அங்கு மீட்பவன் கொடுப்பது விலையன்று, உயிர். கிறித்தவக் கருத்துக்கு இது வியக்கத்தக்க நெருக்கமுடையது. இதனை எண்ணியே குழுவினர் தேர்ந்தனர் என்று கூற ஆதாரமில்லை. படிப்பாளரும் இன்று கரந்தையை நினைப்பதில்லை.

'இரட்சி' என்பதும் குறையற்ற சொல்லன்று. வடமொழியில் அது ஆபத்தினின்று எடுத்துவிடுதலைவிடக் காவல்செய்தலையே முதன்மையாகக் குறிக்கும். ஆயினும் ஒரே சொல்லை ஐக்கிய மொழிபெயர்ப்பு விடாப்பிடியாகக் கையாண்டதால் ஒரு பெரும்பயன் விளைந்தது. பெரும்பாடுள்ள பெண்ணை அவளது நம்பிக்கை இரட்சித்தது (மாற்கு 5:34). சிலுவையடியில் நின்றோர், மற்றவரை இரட்சித்தவன் தன்னை இரட்சிக்க இயலவில்லையே என்று ஏளனம் செய்தனர் (15:31). பிறந்தவர் இரட்சகர் என்று வானதூதர் கூறினார் (லூக்கா 2:11). கிரேக்கத்திலும் இவையனைத்தும் ஒரே வேரின. ஏளனம் செய்தோர் தம்மையறியாமல் உண்மையைக் கூறுகின்றனர் என்பதே மாற்குவின் முரண்சுவை. தன்னை இரட்சிக்காமையாலேயே மற்றவரை இரட்சித்தார் என்பது கிறித்தவ நம்பிக்கை. திருவிவிலியத்தில் இவ்வொரு வினை குணமாக்குதல், விடுவித்தல், காப்பாற்றுதல், மீட்டல் எனப் பலவாகப் பிரிகிறது. ஒவ்வொரு வரியும் தன்னளவில் இயல்பான தமிழாக உள்ளது. வரிகளுக்கிடையே இருந்த நரம்பு அறுந்துவிட்டது. தனித்தமிழ்ச் சொல்லை விரும்புவது தவறன்று. ஒரு வடசொல்லை விலக்குமுன் அச்சொல் எத்தனை இடங்களை ஒன்றாகப் பிணைத்து நிற்கிறது என்று எண்ணிப்பார்க்கத் தவறியதே தவறு.

நீ, நீர்

கிரேக்க முன்னிலை ஒருமை மரியாதை வேறுபாடு அறியாதது. தமிழோ ஒவ்வொரு முன்னிலைச் சொல்லிலும் பேசுபவரின் மதிப்பீட்டைக் கேட்கிறது. நற்செய்திகளில் இது வெறும் நடைச்சிக்கல் அன்று. இயேசு யார் என்பது படிப்படியாகவே தெரியவருகிறது. மாற்குவில் அது மறைக்கவும் படுகிறது. 1901இல் வில்லியம் விரேட 'மெசியா மறைபொருள்' என்று பெயரிட்டு ஆராய்ந்தது இதனையே. மறைபொருளை முன்னிலைப் பெயர் வெளியிட்டுவிட்டால் கதைப்போக்கு கெடும்.

யோவான் 4இல் சமாரியப் பெண் முதலில் காண்பது ஒரு யூதரை. பின்னர் ஓர் இறைவாக்கினரை. இறுதியில் மெசியாவைப் பற்றிப் பேசுகிறாள். கிரேக்கத்தில் அவள் சொல்லும் 'கீரியே' என்பது ஐயா என்றும் ஆண்டவரே என்றும் பொருள்படும். ஐக்கிய மொழிபெயர்ப்பு தொடக்கத்திலேயே 'ஆண்டவரே' என்று வைத்துவிடுகிறது. அறிவதற்கு முன்பே அவள் அறிக்கையிட்டுவிட்டாள். திருவிவிலியத்தின் 'ஐயா' அவளது பயணத்திற்கு இடம் விடுகிறது.

மறுபுறம், சிலுவையில் தொங்கிய இரு குற்றவாளிகளை ஐக்கிய மொழிபெயர்ப்பு வேறுபடுத்தும் முறை மூலத்திலும் இல்லாத வளம். ஒருவன் 'நீ' என்று பழிக்கிறான்; மற்றவன் 'நீர்' என்று வேண்டுகிறான். தலைமைக் குருவும் பிலாத்துவும் விசாரணையில் 'நீ' என்கின்றனர். அதிகாரமும் நம்பிக்கையின்மையும் நம்பிக்கையும் ஓர் இறுதி ரகரத்தில் அடையாளம் பெறுகின்றன. இன்று 'நீர்' என்பது தென்மாவட்டங்களிலும் ஈழத்திலும் மட்டுமே பேச்சில் வழங்குகிறது. பிறருக்கு அது வேண்டுதல் மொழி. ஆகவே இவ்வேறுபாட்டை இளையோர் ஒருகால் மரியாதையாகவன்றி வழிபாடாகவே கேட்கக்கூடும்.

இரண்டு சிக்கல்களும், பட்டமும் முன்னிலையும், ஒருசேர நிற்கும் இடம் மத்தேயு 26:68. தலைமைச் சங்கத்தின் முன்னிலையில் இயேசுவை அறைந்தவர்கள், அடித்தவர் யார் என்று இறைவாக்காகச் சொல்லும்படி கேட்டு, கிறிஸ்து என்று விளித்து ஏளனம் செய்கின்றனர். ஐக்கிய மொழிபெயர்ப்பில் விளி 'கிறிஸ்துவே' என்றும் முன்னிலை 'உம்மை' என்றும் உள்ளன. பொய்மரியாதையின் குத்தல் 'உம்மை' என்பதில் அருமையாக வந்துள்ளது. ஆனால் ஒருவரை அவர் பெயரால் அழைப்பதில் ஏளனம் ஏதுமில்லை. திருவிவிலியத்தில் 'மெசியாவே' என்று பட்டம் மீண்டு வந்திருக்கிறது. முன்னிலையோ 'உன்னை' எனத் தாழ்ந்து, நடிப்பைக் கலைத்து வெறும் வசவாக்கிவிடுகிறது. ஒன்றின் விளியையும் மற்றதன் முன்னிலையையும் சேர்த்தால் அவ்வரி முழுமை பெறும். அடுத்த திருத்தப் பதிப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும்.